நியூ லினிலிருந்து வராத தம்பியும் கொரிந்துக்குப் போகாத பவுலும்

ஹாமில்டனிலிருந்து ஆக்லாந்தின் நியூ லினுக்குப் போய்வர வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் போன சனிக்கிழமை போனேன், ஆனால் ஊர் சுற்ற இல்லை. அங்கே தனியாக இருக்கும் என் தம்பி டேவிட் ஈஸ்டருக்கு வருகிறேன் என்றான், வரவில்லை. என் பிறந்தநாளுக்கு என்றான், அதற்கும் வரவில்லை. நான் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு ஆராதனையில் அப்போஸ்தலர் பவுலைப் பற்றிப் பிரசங்கம். கொரிந்து சபைக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அவர் போகவில்லையாம். பேச்சு மாறுகிறவர் என்று அங்கே குறைபட்டுக்கொண்டார்களாம். முந்தின சந்திப்பு மனவருத்தத்தில் முடிந்ததால், மறுபடி போய் நோகடிக்க வேண்டாமென்றுதான் திட்டத்தை மாற்றினாராம். அதற்குமேல் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை.

டேவிட் கடைசியாக வந்ததும் அப்படித்தான் முடிந்தது. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் கணவர், "ஆண்டவரே, பிரிஞ்சுபோன டேவிட் குடும்பத்தைச் சேர்த்து வையும்" என்று உரக்க ஜெபித்தார். மனைவி போய்விட்டதை அவன் எங்கள் இருவரிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். கண் திறந்தபோது கூடத்திலிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவன் சாப்பிடாமல் கிளம்பினான். "ஜெபம்தானே பண்ணினேன்?" என்கிறார் இவர், இன்றுவரை. எனக்குக் கோபம் ஆறவேயில்லை.

காலை ஏழரை பஸ், முப்பது டாலர், நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர், வழியெல்லாம் மழை. ஒன்பதரைக்கு நகர மையத்தில் இறங்கினால், தண்டவாள வேலையாம், ரயில் கிடையாது. மாற்று பஸ்ஸின் டிரைவர், நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுத் திரும்பினார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"நியூ லின் போகுமா அண்ணா?"

"ஓம் தங்கச்சி, எல்லா ஸ்டேஷனிலயும் நிண்டுதான் போகும். ஆரும் பாத்துக்கொண்டு நிக்கினமோ?"

"இல்ல, நான் வர்றது தம்பிக்குத் தெரியாது."

"அப்ப ஒரு போன் அடியுங்கோ."

நான் அடிக்கவில்லை. சொன்னால் அவன் வீட்டில் இருக்கமாட்டான்.

விரி என்ற இடத்துக் குடோனில் இரவு வேலை முடித்த உடுப்போடு டேவிட் கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். டீ போட்டான். வாடகை, மழை என்று ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, ஏன்டா வரவில்லை என்று கேட்டேன்.

"சொல்லும்போது வரணும்னுதான் இருக்கும்க்கா. கார்ல ஏறினா, அன்னைக்கு எல்லாரும் ஆமென் சொன்னது ஞாபகம் வருது."

எங்கள் குடும்பத்தில் ஜெபம் பண்ணாமல் யாரும் கிளம்புவதில்லை. நான் எழுந்து நின்றதும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பண்ணிட்டுப் போக்கா. மனசுக்குள்ள பண்ணு."

கண்ணை மூடினேன். அவன் பெயரைத் தவிர ஒன்றும் வரவில்லை.

போகிறவர்களுக்கு: வாரக்கடைசியில் ரயில் ஓடுகிறதா என்று முந்தின நாளே பாருங்கள். காற்றில் குடை நிற்காது, மழைக்கோட் போடுங்கள். திரும்பும் பஸ் ஐந்து மணிக்கு, மாற்று பஸ்ஸை நம்பி அதைத் தவறவிடாதீர்கள். தனியாக இருப்பவரைப் பார்க்கப் போனால், எப்போது வருவாய் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் கேட்கவில்லை. ஆனாலும் வாசலில் அவனாகவே, "கிறிஸ்துமஸுக்குக் கண்டிப்பா வர்றேன்க்கா" என்றான்.

"நீ வரவேண்டாம்டா, நானே வர்றேன்" என்றேன். உடனே அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதை நினைத்துத்தான் வழியெல்லாம் அழுதேன்.