யோகண்ணையின் நாலு சில்லும் இழுக்கிற கார்

யோகண்ணை போய்விட்டார். காலையில் அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னாள்... அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் சவுத்தாலில் ஒரு பாக்கிங் கொம்பனியில் அவரும் நானும் ஒரே லைனில் நின்றோம். ஹரோவில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அவருடைய வீடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் ஆட்களுக்குள் முதன்முதலில் நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் கார் வாங்கியவர் அவர். செகண்ட் ஹாண்ட்தான், ஆனால் அவர் அதைத் துடைக்கிற துடைப்பைப் பார்த்தால் பெண்சாதிக்கே பொறாமை வரும்.

பனி இறுகிக் கிடக்கும் நாட்களில் மற்றக் கார்களெல்லாம் எங்கள் தெரு ஏற்றத்தில் நின்ற இடத்திலேயே சில்லைச் சுற்றும். இவருடையது மட்டும் அலுங்காமல் ஏறிப் போகும்.

"ஏறுங்கோ பிள்ளையள், நாலு சில்லும் இழுக்குது. ஐஸ் என்ன செய்யும்?" என்பார். நாங்களும் நம்பினோம். இப்படி ஏறுகிற கார் நிற்கவும் செய்யும்தானே...

அந்த மார்கழி, திருவெம்பாவைக்கு எங்களை லூயிஷாம் கோயிலுக்கு ஏற்றிப் போனதும் அவர்தான். விடியவில்லை, ரோடெல்லாம் ஐஸ். முன் சீற்றில் நான், மடியில் கோயிலுக்கென்று அவித்த கடலைச் சட்டி.

எங்கள் தெரு இறக்கத்தில் மெதுவாகத்தான் வந்தார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டு வந்தார். கீழே சந்தியில் ஒரு பால் வண்டி நின்றது. எங்கள் கார் நிற்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை.

"ஐயோ அண்ணை, பிரேக்கை அடியுங்கோ! இறுக்கி அடியுங்கோ!" என்று குளறினேன்.

மனுசன் அடித்தார். அவ்வளவுதான், நாலு சில்லும் பூட்டிக்கொண்டன. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பியும் கார் கேட்கவில்லை. அப்படியே பால் வண்டியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய்ச் சந்திக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு மதிலில் மோதியது.

பால் வண்டிக்கோ பின் சீற்றில் இருந்தவர்களுக்கோ ஒரு கீறலும் இல்லை. சட்டியை விட மனமில்லாமல் கட்டிப்பிடித்திருந்த எனக்குத்தான் வலது கை முறிந்தது. உதவிக்கு ஓடி வந்த பால்காரரும் வழுக்கி விழுந்தார். ரோடு முழுக்கக் கடலை.

ஆஸ்பத்திரியிலேயே யோகண்ணை தொடங்கிவிட்டார். "என்ர பிழைதான் தங்கச்சி. நான் இன்னும் கவனமா ஓடியிருக்கோணும்."

நான் கத்தியதைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிளாஸ்டர் போட்ட கையைப் பார்க்க வந்த சனமெல்லாம் கேட்கும், "ஆர் ஓடினது?" நான் வாய் திறக்க முன்னம் அவர் முந்திக்கொள்வார். "நான்தான்." எனக்கு அது வசதியாகவும் இருந்தது... இப்போது எழுதவே கூசுகிறது.

காரைத் திருத்தி விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கில் கையே வைக்கவில்லை. கொம்பனியை விட்டுவிட்டு மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓடுவதென்று எத்தனை திட்டம் போட்டிருந்தார்! எல்லாம் அதோடு சரி. கடைசிவரை அதே லைனில் நின்றுதான் பென்ஷன் எடுத்தார். என் கை சுகமாகும்வரை பஸ்ஸில் போய் வீட்டுச் சாமான் வாங்கித் தந்ததும் அவர்தான்.

சில வருடம் கழித்து நான் டிரைவிங் பழகினேன். நாலு சில்லும் இழுப்பது கிளம்பத்தான் உதவும், நிற்பதற்கு எல்லாக் காரும் ஒன்றுதான், ஐஸில் இறுக்கி அடித்தால் கதை முடிந்தது என்று இன்ஸ்ட்ரக்டர் சொன்னபோது எனக்கு முகம் சுட்டது.

பிரேக்கைத் தொட்டுத் தொட்டு யோகண்ணை சரியாகத்தான் செய்துகொண்டு வந்திருக்கிறார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அவர்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மட்டும் கார் திரும்பி வருமா என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். சும்மா கதை... வெட்கம், வேறொன்றும் இல்லை.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். மெலிந்து கிடந்தார். என்னைக் கண்டதும் நர்ஸைக் கூப்பிட்டு, இந்த அம்மாவின் கையை முறித்தது தான்தான் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார்.

"அப்பா, இன்னும் அதை விடேல்லையே?" என்றாள் மகள். நர்ஸும் சிரித்தாள்.

நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, கொண்டுபோன திராட்சையைக் கழுவ எழும்பிப் போய்விட்டேன்.

அண்ணை, நீங்கள் நல்லாத்தான் ஓடினீங்கள். போயிட்டு வாங்கோ.