ஒரு ஸ்டாப் குறைத்துச் சொன்ன மீட்டர்

சனிக்கிழமை காலை 6.40. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் கோவை வண்டி ஏறினேன். அவிநாசிக்கு நூற்றிருபது கிலோமீட்டர், டிக்கெட் நூறு ரூபாய். “பைபாஸ்லதான் இறக்கி விடுவேன், அப்புறம் சண்டை போடக் கூடாது” என்று நடத்துநர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். முகத்தைப் பார்த்தே ஆளை எடைபோடுகிறவர் போலிருக்கிறது.

மடியில் இருந்த பையில் என் பழைய ஃபிலிம் கேமரா. ரோலுக்குப் பன்னிரண்டு படம், சதுரமாக விழும். வெளிச்சத்தை அளக்கும் கருவி அதற்குள் கிடையாது. நாம்தான் தனியாக அளந்து ஷட்டர் திறக்கும் நேரத்தையும் அப்பர்ச்சர் துளையின் அளவையும் வைக்க வேண்டும். கைபேசிச் செயலியை நம்பி, மறுநாள் நான் எடுக்க இருந்த இதே அமராவதி அணையை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் கெடுத்தேன். முதல் ரோலில் மலை கரிக்கட்டை. இரண்டாவதில் எல்லாம் வெளுத்துச் சலவைக்குப் போய் வந்த வேட்டி. நான் போடுவது, படம் ஃபிலிமிலேயே நேராக விழும் ஸ்லைடு ஃபிலிம். ரோல் இரண்டாயிரத்துச் சொச்சம், கழுவும் கூலி தனி, அளவு அரை ஸ்டாப் பிசகினாலும் மன்னிக்காது. ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு, அல்லது பாதி.

இரண்டாவது ரோல் வந்த அன்று, ரோஷத்தில் மனைவி மைதிலியிடம் சொல்லிவிட்டேன்: இன்னும் ஒரே ஒரு ரோல், அதுவும் போனால் கேமராவை விற்றுவிடுகிறேன் என்று. அவள் கேட்கவே இல்லை, நானாகத்தான் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பள்ளி ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் சந்திரனிடமும் சொல்ல, அவர் “அப்ப எனக்கே குடுத்துடுங்க சார்” என்று துண்டு போட்டு வைத்துவிட்டார். ஆக, பையில் ஒரு ரோல். அதைப் போடுவதற்குள் எனக்கு நல்ல மீட்டர் ஒன்று வேண்டும்.

புதிய, பெரிய கம்பெனி மீட்டர்கள் இருபதாயிரத்துக்கு மேல். அந்தக் காசுக்கு வீட்டில் வாஷிங் மெஷின் காத்திருக்கிறது. கேமரா மேலே செருகும் சின்னச் சீன மீட்டர் ஆறாயிரம். ஆனால் அது வானத்தையும் மலையையும் ஒன்றாகக் கலந்து சராசரி சொல்லும், நிலக்காட்சிக்கு வானம்தான் வில்லன். காட்சிமேல் விழும் வெளிச்சத்தை நேராக அளக்க வெள்ளைக் குமிழ் வைத்த மீட்டர் வேண்டும். பேட்டரியே தேவைப்படாத பழைய செலினியம் மீட்டர் ஒன்று குமிழோடு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு இருப்பதாக மங்கலத்திலிருந்து ஒருவர் இணையத்தில் போட்டிருந்தார். செலினியத்தில் ஒரே வம்பு, வயதானால் அதற்குப் பார்வை மங்கும். முள் ஆடும், ஆடுவது உண்மையா என்று யாருக்கும் தெரியாது.

9.50. அவிநாசி பைபாஸ். சொன்னபடி இறக்கி விட்டார், சண்டை போடவில்லை. ஊருக்குள் நடந்து, டீ குடித்து, மங்கலம் பஸ் பிடித்தேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மங்கலத்தை நெருங்கும்போதே விசைத்தறிச் சத்தம் ஜன்னல் வழியாக வந்துவிடுகிறது.

10.45. விற்பவர் பெயர் செல்வராஜ். முன்பு கல்யாணப் போட்டோகிராபர், இப்போது எட்டுத் தறி ஓட்டுகிறார். தறிக்கூடத்தை ஒட்டியே அவர் மனைவி கலாமணி பனியன் செக்கிங் யூனிட் வைத்திருக்கிறார். ஆறு மேசைகள், மேலே வரிசையாகக் குழல்விளக்குகள், மேசைக்கு இருவராகப் பெண்கள் டி-சர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவானாலும் அந்த இடத்தில் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவைக்கிறார்கள்.

“தைரியமா எடுத்துட்டுப் போங்க. எரநூறு கல்யாணம் பாத்த மீட்டருங்க இது” என்றார் செல்வராஜ்.

கையில் வாங்கினேன். தோல் உறை, கனம், முள் துள்ளல் எல்லாம் அழகு. ஆசை வந்துவிட்டது, ஆசை வந்தால் எனக்குச் சந்தேகமும் கூடவே வரும். “சரியாத்தான் காட்டுதுன்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?” என்றேன்.

மேசையிலிருந்து கலாமணி திரும்பினார். “ஏனுங்க, வெளிச்சம் அளக்கறதுதானுங்க அது? எங்கிட்டயும் ஒண்ணு இருக்குதுங்க.”

அவர் இழுப்பறையிலிருந்து எடுத்தது லக்ஸ் மீட்டர். செக்கிங் மேசையில் இத்தனை லக்ஸ் இருந்தாக வேண்டும் என்று வேலை கொடுக்கும் கம்பெனிகள் ஆடிட்டுக்கு வருமாம். அதனால் வருஷாவருஷம் சரிபார்த்துச் சீல் ஒட்டி வாங்கிவைக்கிறார். சேலம் முழுக்க விசாரித்தும் கிடைக்காத உரைகல் இங்கே கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

லக்ஸுக்கு எந்த ஷட்டர், எந்த அப்பர்ச்சர் என்ற அட்டவணை என் நோட்டில் இருந்தது. இரண்டு மீட்டரையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். லக்ஸ் மீட்டர் 1,280 காட்டியது. நூறு வேக ஃபிலிமுக்கு, நாலு அப்பர்ச்சரில் முப்பதில் ஒரு நொடி வர வேண்டும். செல்வராஜின் மீட்டர் பதினைந்தில் ஒன்று என்றது. ஒரு ஸ்டாப் பிசகு. அதாவது இருக்கும் வெளிச்சத்தில் பாதிதான் அதன் கண்ணுக்குத் தெரிகிறது. அதை நம்பி எடுத்திருந்தால் மறுபடியும் வெளுத்த வேட்டிதான்.

“எரநூறு கல்யாணத்துல பொண்ணுக அத்தன பேரும் சுண்ணாம்பு பூசுனாப்பல இருந்தது இதனாலதானாட்ட இருக்குதுங்க” என்றார் கலாமணி.

“பொண்ணு வெள்ளையா விழுந்துச்சுன்னு எந்த மாப்பிள்ளையூட்டுக்காரரும் சண்டைக்கு வரலீங்களே” என்றார் செல்வராஜ், என்னைப் பார்த்து. மேசைப் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சந்திரனின் முகம்தான் கண்ணில் வந்தது. மீட்டரை உறையில் போடப் போனேன்.

“இருங்க. ஒரு எடத்துல பாத்துட்டுப் பீஸை ஒதுக்கக் கூடாதுங்க” என்று கலாமணி இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கூரை நிழலில் அளந்தோம். அங்கேயும் சரியாக ஒரு ஸ்டாப் குறைவு. நடு வெயிலில் எண்பதாயிரம் லக்ஸ். அங்கேயும் அதே ஒரு ஸ்டாப். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொய் சொல்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் ஒரே பொய். அப்படியென்றால் திருத்திக்கொள்ளலாம். ஃபிலிம் வேகம் வைக்கும் வட்டில் நூறுக்குப் பதில் இருநூறு வைத்தால், பாதி நேரம் போதும் என்று சொல்லும், கணக்கு நேராகிவிடும்.

அதைச் சொன்னதும் கலாமணி ஒரு சிவப்பு அம்பைப் பிரித்து, வட்டில் இருநூறுக்கு எதிரே ஒட்டினார். “இங்க வெச்சுப் படிங்க. டேமேஜ் எங்கன்னு தெரிஞ்சுட்டாப் போதுங்க, பீஸை உபயோகம் பண்ணிக்கலாம். செகண்ட்ஸ் ரேட்டு ஆயரத்தி ஐந்நூறு குடுங்க.” செல்வராஜ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். “அம்பு ஒட்டுனதுக்கப்பறம் முழு ரேட்டு கேக்கறதில்லீங்க” என்றார் கலாமணி, கணவரிடம். பேரம் பேச ஒத்திகை பார்த்து வந்தவன் வாயே திறக்காமல் பணத்தை எடுத்து நீட்டினேன். கூச்சமாக இருந்தது.

அங்கிருந்து பல்லடம், பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டை. மாலை நாலரைக்கு லாட்ஜ், அறை எழுநூறு ரூபாய். ஜன்னலில், சுவரில், வாளியில் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அளந்து பார்த்தேன்.

ஞாயிறு காலை 5.15. அமராவதி நகருக்கு முதல் பஸ், இருபத்தைந்து கிலோமீட்டர். ஆறு மணிக்குக் கரையில் முக்காலியை நிறுத்தினேன். தெற்கே ஆனைமலை நீலமாக அடுக்கடுக்காக நின்றது, தண்ணீர் அசையவில்லை. மீட்டரைத் தூக்கினால் முள் கிடந்த இடத்தை விட்டு எழவில்லை. மங்கிய வெளிச்சம் செலினியத்துக்கு எட்டாது. போன முறை இந்த நேரத்தில் அவசரப்பட்டு நாலு படம் அடித்திருந்தேன். இந்த முறை உட்கார்ந்தேன்.

டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரோடு வந்து முக்காலியைச் சுற்றிப் பார்த்தார். “சர்வேங்களா? ரோடு போடறாங்களா?”

“இல்லீங்க, போட்டோ எடுக்க வந்தேன்.”

“அப்ப எடுக்க வேண்டீதுதானுங்க, என்னத்துக்குக் காத்துக்கிட்டு?”

“இது இன்னும் சரின்னு சொல்லலீங்க” என்று மீட்டரைக் காட்டினேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, டீக்குப் பன்னிரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

6.35. கிழக்கே மேட்டைத் தாண்டி வெயில் வந்து மலைமேல் பக்கவாட்டில் விழுந்தது. முள் எழுந்தது. குமிழைக் கேமரா பக்கம் திருப்பி அளந்தேன், வைத்தேன், அழுத்தினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அளவு, நோட்டில் ஒரு வரி. பதினோரு படம் அப்படி முடிந்தது. பன்னிரண்டாவதுக்கு வரும்போது கொக்குக் கூட்டம் தண்ணீர்மேல் தாழப் பறந்தது. அவை போய்விடுமே என்று ஷட்டரை மட்டும் வேகமாக்கி, அளக்காமலே அடித்துவிட்டேன். எட்டரை பஸ்ஸில் திரும்பும்போது பயம்தான் அதிகம்.

ஸ்லைடுகள் தபாலில் வர இரண்டு வாரம் ஆனது. பிரித்து, சமையலறை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். மலைக்கு மலையின் நீலம், தண்ணீருக்குத் தண்ணீரின் வெளிச்சம், ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொன்று. கொக்குகள் மட்டும் வெறும் கருப்பு. அது மீட்டரின் குற்றமில்லை. நாற்பத்தேழு வயது ஆள் ஜன்னலோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சொல்வதில் வெட்கமில்லை.

மைதிலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஐந்தாவது படத்தை வாங்கினாள். ஒரு கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து என் கைபேசியை எடுத்து நீட்டினாள்.

“முதல்ல சந்திரன் சாருக்குப் போன் போட்டு கேமரா விக்கறதுக்கு இல்லைன்னு சொல்லுங்க. பாவம், காத்துக்கிட்டிருப்பாரு.”