நீளவாக்கில் சுருங்கிய வரைபடம்

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமையும் கைப்பேசி என்னை அதே எருக்கம்புதருக்குள் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டதாகச் சொன்னது. எங்கே வந்தேன்? சிமெண்ட் சாக்கும் பனியன் வேஸ்ட்டும்தான் கிடந்தன. மழையில் மண் இளகியிருந்ததால், ஸ்கூட்டியை ஸ்டாண்ட் புதையாதபடி தெற்கே வேம்படியில் ஒரு கல்லின் மேல் நிறுத்திவிட்டு, முள்ளில் நடந்து வந்த எரிச்சல் வேறு.

நான் தேடியது ஒரு நடுகல். புலியைக் குத்திச் செத்த யாரோ ஒருவனுக்காக நட்டது. வெள்ளைக்காரன் காலத்து வரைபடம் ஒன்றில், அவிநாசிக் கோயிலுக்குத் தெற்கே அதைக் குறித்திருந்தார்கள். இணையத்தில் கிடைத்த அந்தப் படத்தில் கோயிலிலிருந்து தூரம் அளந்து, இடத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டேன். அதோடு நிற்காமல், அங்கே பனியன் துணி பின்னும் நிட்டிங் ஷெட் போடவிருந்த தோட்டத்துக்காரரிடம் போய், இங்கே நடுகல் இருக்கிறது என்று வாயையும் கொடுத்துவிட்டேன்.

"இருக்குதுன்னா காட்டுங்க அம்மிணி. நானே நிறுத்தி வெச்சுப் பூப் போடறனுங்க. வியாழக்கெழம ஜேசிபி வந்துருமுங்க. பொறவு கடக்காலுக்குள்ள போயிருச்சுன்னா என்னையச் சொல்லக் கூடாது" என்றார்.

எத்தனையோ காலம் கிடந்த கல், நான் கண்டுபிடிக்காததால் அஸ்திவாரத்துக்குள் போகப்போகிறது. நினைக்க நினைக்க என் மேலேயே ஆத்திரமாக வந்தது.

நான் கம்பெனியில் துணியின் தரம் பார்ப்பவள். துணியில் சதுரம் வரைந்து, துவைத்துக் காயவைத்து, எவ்வளவு சுருங்கியது என்று அளப்பது என் வேலை. புதன்கிழமை ஒரு லாட் துணியைத் திருப்பியனுப்பினேன். துணிப் பிரிவுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார்.

"அகலம் கரெக்டாத்தானுங்க மேடம் இருக்குது. நீளத்தை மட்டும் எதுக்குப் புடிச்சுத் தொங்கறீங்க?"

அப்படியே ஸ்கேலைக் கீழே வைத்தேன். அந்த வரைபடம் துணியில் ஒட்டியது. மடிப்புகளில் இழை பளிச்சென்று தெரியும். தூரம் காட்டும் அளவுகோலைப் படத்தின் அடியில், அகலவாக்கில் அச்சிட்டிருந்தார்கள். துணி நீளத்தில் தனியாகச் சுருங்கியிருக்குமே என்று யோசிக்காமல், அதை வைத்து நான் நீளத்தை அளந்திருக்கிறேன்! தினமும் ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற தப்பு. தலையில் அடித்துக்கொண்டேன்.

அவிநாசிக்கும், தெற்கே இன்னும் அதே இடத்தில் இருக்கும் வேறொரு கோயிலுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் படத்திலும் கைப்பேசியிலும் அளந்து பார்த்தேன். நீளவாக்கில் படம் சுருங்கித்தான் இருந்தது. கணக்கைத் திருத்தியதும் புள்ளி நூறு மீட்டர் தெற்கே தள்ளிப் போனது. அரைநாள் லீவு சொல்லிவிட்டு வண்டியை விரட்டினேன்.

தோட்டத்துக்காரர் கடப்பாரையும் இரண்டு ஆட்களுமாக வந்தார். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். புள்ளி வேம்படிக்கு வந்து நின்றது.

"ஏனுங்க அம்மிணி, நீங்க வண்டி நிறுத்தற கல்லுங்க இது!"

நெம்பி நிமிர்த்தினார்கள். மண் அப்பிய முகத்தோடு ஒருவன். அவன் மேல் பாய்கிற புலி. புலியின் வயிற்றில் அவன் ஈட்டி. எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாக வந்தன. கல்லின் முதுகில் என் ஸ்டாண்ட் கீறிய தடங்கள் புதிதாக வெளுத்திருந்தன.

தோட்டத்துக்காரர் செருப்பைக் கழற்றினார். நான் திரும்பிப் போய், தோட்டத்துக்குள் விட்டிருந்த ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு போய் ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தேன்.