புருஷோத்தமனின் கட்டைவிரல்

பெங்களூர் அல்சூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் புருஷோத்தமன். பணி ஓய்வுக்குப் பிறகு துப்பாக்கி சுடும் கிளப்பே கதி என்று கிடந்தவர். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்தபோது, நர்ஸாக இருந்த நான்தான் பயிற்சி கொடுத்தேன். ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னால் முனகுவார். ஒவ்வொரு முறை சுடுவதற்கும் கட்டைவிரலால் பின்பக்கச் சுத்தியலை (ஹாமரை) இழுத்து வைக்க வேண்டிய ரிவால்வர் மீது ஆசை வந்தபின், பந்தைக் கீழே வைக்கவில்லை.

துப்பாக்கிக் கடைக்கு அவர் மனைவி கனகவல்லியும் நானும் கூடப் போனோம். கடைக்காரர் பூவேலை செய்த ஒன்றை எடுத்தார்.

"ஆயுத பூஜைக்கு வெச்சா அம்சமா இருக்கும் சார்."

"பொட்டு வைக்க வீட்ல கிரைண்டர் இருக்குப்பா. நான் சுடணும்."

சாதாரணமான புது ரிவால்வரைத் திறந்து, குண்டில்லை என்று காட்டிவிட்டுக் கொடுத்தார் கடைக்காரர். சுத்தியலை இழுத்துப் பார்த்தார்; வலது கட்டைவிரல் இரண்டு முறை வழுக்கியது. கனகவல்லி வாசலைப் பார்க்கத் தொடங்கினாள்.

"இன்னொரு கையும் இருக்கில்ல? ரெண்டு கையால பிடிச்சு, இடது கட்டைவிரலால இழுங்க" என்றேன்.

"ஒத்தைக் கையால சுட்டவன் நான். கிளப்ல சிரிப்பாங்க சிஸ்டர்."

"துப்பாக்கி வெச்சிருக்கவரைப் பார்த்து யாரு சிரிப்பாங்க?"

இழுத்தார். சுத்தியல் வழுக்காமல் பின்னால் வந்து நின்றது. அதையே வாங்கினார்.

ஆயுத பூஜையன்று ரிவால்வரில் குங்குமம் படக்கூடாதென்று சொல்லிவிட்டார். கனகவல்லி அவருடைய இடது கட்டைவிரலுக்குப் பொட்டு வைத்தாள்.