கொடிக்காரன் நின்ற இடம்

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புறப்பட்டுப் போகிற ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதை மறந்துவிட்டுப் போனாலும் கூடாது. கூப்பிட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். நானும் யாரையும் கூப்பிட்டதில்லை.

என் பெண்சாதி ஒரு அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாள். கிளியனூரிலிருந்து திண்டிவனம் வரைக்கும் நடை, அங்கே பஸ் ஏறுவதாகப் பேச்சு. மூட்டை கட்டும்போது அவள் கை நடுங்கியது. முடிச்சு இரண்டு தடவை அவிழ்ந்தது. காய்ச்சல் இருந்திருக்கும் போல. அவள் சொல்லவில்லை. தெருமுனை திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன். போகாதே என்று வாய் வரைக்கும் வந்தது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாதே என்று விழுங்கிவிட்டேன்.

நாலாம் நாள் யாரோ மாட்டு வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். உயிர் இல்லை.

அதற்கப்புறம் வீட்டில் நான் ஒருத்தன். கேப்பைக் கூழ் ஒரு தடவை காய்ச்சினால் மூணு நாளைக்கு வரும்.

வெள்ளைக்காரனுக்குச் சண்டை வந்தது. விழுப்புரத்துக்கு அந்தாண்டை ஏரோப்ளேன் இறங்க ரோடு போடுகிறார்கள், ஆள் வேணும் என்றார்கள். போனேன். ஜல்லி சுமந்தேன். ரோடு முடிந்ததும் முக்கால்வாசிப் பேரை அனுப்பிவிட்டார்கள். கோடியில் கொடி வைத்துக்கொண்டு உட்கார ஒரு ஆள் வேணும், பகல் முழுக்கப் பேச்சுத் துணை இல்லாமல் இருக்கிற ஆள் யார் என்று ரைட்டர் கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள்.

ரைட்டர் திண்டிவனத்துக்காரர். கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். தொரை சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வதும், நாங்கள் சொல்வதை நோட்டில் இங்கிலீஷில் எழுதுவதும் அவர் வேலை.

வேலைக்கு விடுவதற்கு முன்னால் மூணு நாள் பாடம். கொடி பிடிக்கிறவர்கள், பெட்ரோல் ஊற்றுகிறவர்கள், மெக்கானிக்குக்குக் கையாள் எல்லாரும் உட்கார வேண்டும். பாடம் சொன்ன தொரை என்னைவிட வயசில் சின்னவர். மூக்கு வெயிலில் உரிந்திருந்தது. ஒரு சாக்கை விரித்தார். அதில் ஒரு கல், ஒரு ஆணி, ஒரு கந்தல் துணி, ஒரு மாட்டு எலும்பு வைத்தார். ரோட்டில் கிடந்தால் இதில் எது ஏரோப்ளேனைக் கவிழ்க்கும் என்று கேட்டார். கல் என்றோம். எல்லாமே என்றார்.

தொரை எது சொன்னாலும் நாங்கள் "சரிங்க" என்போம். காதில் விழுந்தது என்று அர்த்தம். விளங்கியது என்று அர்த்தமில்லை. இரண்டாம் நாள் அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இனிமே யாரும் சரிங்கன்னு சொல்லக் கூடாது" என்றார் ரைட்டர். "தொரை என்ன சொன்னாரோ அத்த அப்படியே திருப்பிச் சொல்லணும். புரியலன்னா புரியலன்னு சொல்லணும்."

"சரிங்க" என்றோம்.

ரைட்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். விழுப்புரம் ரயில் ஷெட்டில் இருந்துவிட்டு வந்த கையாள் ஒருத்தன் இருந்தான். வாய் ஜாஸ்தி. அவன் எழுந்து, "தொரைக்கு மண்டை காஞ்சிபோச்சின்னு சொன்னாருங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என்ன என்று தொரை கேட்டார். ரைட்டர் என்ன சொன்னாரோ, அவரும் சிரித்தார்.

மூணாம் நாள் கொடிப் பாடம். வெள்ளை காட்டினால் ரோடு சுத்தம், போகலாம். சிவப்பு காட்டினால் நிற்கணும்.

"ரோட்டுல ஆடு நின்னாலும் சிவப்பு காட்டு" என்றார் ரைட்டர். "ப்ளேன்ல எதனா தொங்கினாலும் காட்டு. ஒண்ணும் இல்லாம உன் மனசுக்கு ஒப்பலன்னா கூட காட்டு. அப்புறம் பார்த்து ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சாலும் உன்னை யாரும் திட்டமாட்டாங்க. ஆனா சாயங்காலம் வந்து நடந்தது நடந்தபடி நோட்டுல சொல்லிடணும். மறைச்சாதான் தப்பு."

என்னை எழுப்பித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கிளம்பிவிட்டதைப் பின்னாலிருந்து நிறுத்தலாமா என்று ஒன்று மட்டும் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எனக்குக் கிழக்குக் கோடியில் ஓலைக் கொட்டகை. இரண்டு கொடி, ஒரு தடி, தண்ணீருக்குச் சுரைக்குடுவை. விடிந்ததும் ரோட்டை நடந்து கல் பொறுக்குவேன். நாயை விரட்டுவேன். அப்புறம் உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஒரு ப்ளேனும் வராது. மத்தியானத்தில் ரோடு தண்ணீர் மாதிரி மினுங்கும். கூடாரங்கள் அந்தக் கோடியில் எறும்பாகத் தெரியும்.

அந்தக் கையாள் சில நாள் சைக்கிளில் இந்தப் பக்கம் வருவான். இறங்கமாட்டான்.

"யோவ் கொடி! உயிரோட கீறியா?"

"இருக்கேன்."

"பேசாம பேசாம உன் வாய் துருப்புடிச்சிடப் போவுதுய்யா. கொஞ்சம் எண்ணெய் கொண்டாரட்டா?"

போய்விடுவான். அன்றைக்கு நான் பேசின பேச்சு அந்த ஒரு வார்த்தைதான்.

ப்ளேன் கூடாரத்துப் பக்கமிருந்து என்னைப் பார்த்து உருண்டு வரும். அப்போதே நான் வெள்ளை காட்டிவிட வேண்டும். என் முன்னால் வந்து திரும்பும். திரும்பிவிட்டால் வால் என் பக்கம். கொஞ்ச நேரம் நின்று இன்ஜினை முறுக்கிப் பார்ப்பார்கள். அப்புறம் மேற்கே ஓடி மேலே ஏறிவிடும். தூசி எனக்கு. ஓட்டுகிறவருக்குத் திரும்பின பிற்பாடு நான் ஒருத்தன் இருப்பதே தெரியாது.

ஒரு நாள் காலை நல்ல காற்று. காற்று அடிக்கிற நாளில், நிற்கிற ப்ளேனின் வால் பலகை ஆடி உடையாமல் இருக்க ஒரு கட்டையைக் கவ்வ வைத்திருப்பார்கள். கட்டையில் சிவப்புத் துணி கட்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் ஓட்டினால் மேலே போய்க் கவிழும் என்று பாடத்தில் சொல்லியிருந்தார்கள்.

ப்ளேன் வந்தது. வெள்ளை காட்டினேன். திரும்பியது. வாலில் சிவப்புத் துணி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. கால் எழவில்லை. கிளம்பிவிட்ட முதுகு அது. நான் பின்னால் நிற்கிறேன். இன்ஜின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. துணியின் முடிச்சு காற்றில் நெகிழ்ந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் ஓடினேன். மூக்கில் சுற்றுகிற விசிறிக்குக் கிட்டே போகக் கூடாது என்று பாடம். இறக்கையைச் சுற்றி வயலில் இறங்கி ஓடி, ரோட்டில் ஏறி, எதிரே போய் நின்று சிவப்பைத் தூக்கினேன். ஓட்டுகிறவர் கையை ஆட்டிக் கத்தினார். நான் நகரவில்லை. வாலைக் காட்டினேன். இன்ஜின் நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தார். கட்டையை அவரே உருவி எடுத்தார். சின்ன வயசு. இறக்கை நிழலில் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் என்று கையால் காட்டினார். குடுவையைக் கொண்டுவந்து கொடுத்தேன். வாய் வைத்துக் குடித்தார். எங்கள் தெருவுக்கு வெளியே அதுவரை ஒருத்தரும் என் குடுவையில் குடித்ததில்லை.

சாயங்காலம் ரைட்டர் நோட்டை விரித்தார். கட்டையைக் கழற்ற மறந்தது அந்தக் கையாள்தான். எனக்கு முன்னாலேயே வந்து அவன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். என் முறை.

"பார்த்த ஒடனே ஓடினியா?"

ஆமாம் என்றால் முடிந்தது. அங்கே வேறு ஆள் இல்லை. இல்லை என்றால் வேலை போகலாம். திட்டமாட்டோம் என்று சொன்னதை நான் முழுக்க நம்பவில்லை. வேலை போனால் கிளியனூர். அந்த வீடு.

"இல்லிங்க" என்றேன். "நின்னுட்டேன்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு வெத்தல காம்பு கிள்ளி மடிக்கிற நேரம்."

"ஏன்?"

"கெளம்பறவங்கள பின்னாலேருந்து கூப்பிடக் கூடாதுங்களே."

ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். "இத்த நான் எப்படிய்யா இங்கிலீஷுல எழுதறது?" என்றார். பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டு, "எங்க ஊட்லயும் கூப்பிடமாட்டாங்க" என்றார். எழுத ஆரம்பித்தார். மூணு வரி எழுதி இரண்டை அடித்தார்.

அன்றைக்கு நான் கொடிகளைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் படுத்தேன். திருப்பிக் கொடுக்க வசதியாக.

மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். தொரை நோட்டை வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். ரைட்டர் தமிழில் கேட்டார்: "கெளம்பற ஆள பின்னாலேருந்து கூப்பிட யாருக்கெல்லாம் மனசு வராது? கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. பிறகு அந்தக் கையாள் தூக்கினான். அப்புறம் பெட்ரோல் ஊற்றுகிறவர்கள். அப்புறம் எல்லாரும். கடைசியில் ரைட்டரே தூக்கினார். தொரை அவர் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தார்.

சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அப்போ நீ எங்க நிக்கணும்னு கேக்கறாரு" என்றார் ரைட்டர்.

கோடிக்கு நடந்து போனேன். அவர்களும் வந்தார்கள். ப்ளேன் திரும்புகிற இடத்தைத் தாண்டி மேற்கே நூறு அடி நடந்து, ரோட்டுக்கு ஓரமாக, கிழக்கே பார்த்து நின்றேன்.

"இங்க" என்றேன்.

அன்றைக்கே கொட்டகையைப் பிரித்து அங்கே போட்டார்கள். கழற்றின கட்டையை ஓட்டுகிறவர் கையில் கொடுத்த பிற்பாடுதான் அவர் ஏறணும் என்றும் நோட்டில் எழுதினார்கள். கையாளை வேலையை விட்டு எடுக்கவில்லை. என்னையும் எடுக்கவில்லை. சொன்னபடி நடந்தார்கள்.

அதற்கப்புறம் திரும்பி நிற்கிற ப்ளேன் என் முகத்துக்கு எதிரே நிற்கும். வாலைப் பார்ப்பேன், சக்கரத்தைப் பார்ப்பேன், வெள்ளை காட்டுவேன். ஓட்டுகிறவர் கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. போய்விடுவார்கள். சிலர் திரும்பி வரவில்லை என்று ரைட்டர் சொல்வார். எந்த முகம் என்று கேட்டுக்கொள்ளமாட்டேன்.

சண்டை முடிந்தது. கூடாரத்தைப் பிரித்தார்கள். ரைட்டர் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு வேலை சொல்லிவிட்டார். கடலை மூட்டை தூக்கினேன். மண்டியிலேயே படுக்கை. கிளியனூருக்குப் போகவில்லை.

மண்டிக்கு எதிரேதான் பஸ் நிற்கும். அமாவாசைக்கு மேல்மலையனூர் பஸ்ஸில் கூட்டம் ஏறும். எனக்கென்று ஏறுகிறவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றுகொள்வேன்.

"யோவ், உனுக்கு வேற எடம் கெடைக்கலியா?" என்பான் டிரைவர். "அமாவாசைக்கு அமாவாசை பேஜாரு. ஜல்தி நவுருய்யா."

உள்ளே உட்கார்ந்திருக்கிற பொம்பளைகள் கையைப் பார்ப்பேன். மூட்டை மேல் வைத்திருப்பார்கள். ஒருத்தி கையும் நடுங்கவில்லை என்று தெரிந்ததும் நகருவேன்.