விபூதியின் மேல் விழுந்த பழி

எங்கள் நெசவுக்காரக் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். எண்பதுகளில் திருத்தணியில் ஒரு சிறு கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். பழைய மெஷினை இயக்கும் அடிப்படை நிரலைப் புது மெஷினுக்கு மாற்றும் வேலை. புது மெஷினின் கையேட்டைத் திறக்காமலே முடித்தேன், அவ்வளவு கர்வம்.

ஆடிக் கிருத்திகையன்று, ஆபீஸ் பெருக்கும் குப்பம்மா அக்கா மலைக்கோயில் விபூதியை மெஷினுக்குப் பூசினார். சுவிட்சைப் போட்டேன். திரை இருண்டே கிடந்தது.

"விபூதி உள்ள பூந்துகினு மெஷினே போச்சு! நாளையிலேர்ந்து வராத," என்று முதலாளி கத்தினார்.

"மெஷினு நெத்தியிலதான் வெச்சேன் சாமி," என்று அக்கா அழுதார்.

கையேட்டைப் புரட்டினேன். பழைய மெஷினில் நினைவகம் பூஜ்ய முகவரியில் தொடங்கும். புதியதில் பிராசசர் வேறு. பூஜ்யத்தில் இருப்பது எதையும் எழுத முடியாத இடம். நினைவகம் வெகுதூரம் தள்ளித் தொடங்குகிறது. என் நிரல் பழைய இடத்தையே தேடியிருக்கிறது; திரை இருண்டது அதனால்தான்.

சொன்னால் என் வேலை போய்விடும். கையேட்டை மூடிவிட்டு நின்றேன். அக்கா முந்தானையால் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தப்பு என்னுதுங்க," என்றேன். முதலாளி காதில் விழவில்லை. மறுபடி சொன்னேன்.

முதலாளி முறைத்தார். "நாளைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா நீ வராத."

மறுநாள் திரை ஒளிர்ந்தது. அக்கா விபூதியோடு தள்ளியே நின்றார். "வைக்கலாமாம்மா?"

"எனக்கும் வைங்கக்கா."

வேலை போய்விடுமோ என்ற பயம் அன்றோடு தீர்ந்தது. வாய் திறக்காமல் நின்ற அந்தச் சில நிமிடங்களை நினைத்தால்தான் இன்றும் பயமாக இருக்கிறது.