குடி நிறுத்த மாத்திரை கேட்டு வந்தவர்கள்

மருந்துக்கடையில் நிற்பவருக்கு டாக்டர் கையெழுத்தைப் படிக்கிற கண் இருந்தால் போதும் என்று நம்பித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்; கோபத்தை அடக்கத் தனியாக ஓர் உறுப்பு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மேற்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் கடை. கவுண்டருக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்த அனுபவம் உள்ள எவருக்கும் நான் சொல்வது புரியும்.

சாம்பாரில் கலக்க

நன்றாக உடுத்திய அம்மா ஒருவர், பள்ளிக்கூட டீச்சர். குடியை நிறுத்துகிற மாத்திரை வேண்டும் என்றார். டாக்டர் சீட்டு இல்லை. கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் பொடித்துப் போடப்போகிறாராம். மின்சார ரயிலில் ஒட்டியிருக்கிறார்களே, ‘குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்’ என்று, அதைப் படித்துவிட்டு வந்திருக்கிறார். அந்த நோட்டீஸை ஒட்டியவன் மட்டும் என் கையில் கிடைத்தால்!

“மேடம், இந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, மூச்சுத்திணறல் எல்லாம் வரும். பிரஷர் இறங்கி உயிரே போகலாம். அவருக்குத் தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்த்துத்தான் கொடுக்கணும்” என்றேன். அவர் கைப்பையை மூடிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “கல்யாணம் ஆனதிலேருந்து அவர் எனக்குத் தெரியாமத்தான் குடிக்கிறார். நான் ஒரு மாத்திரை அவருக்குத் தெரியாமக் குடுத்தா மட்டும் உங்களுக்குத் தப்பாப் படுதா?”

வியாதியும் திமிரும்

தனசேகர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதே மாத்திரைக்கு முறையாகச் சீட்டோடு வந்தார். மனைவியோடு போய் டாக்டரைப் பார்த்து, தானாகவே கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார். குனிந்த தலையோடு, சீட்டை நாலாக மடித்து நீட்டினார். நானும் மெதுவாகத்தான் பேசினேன். பக்கத்தில் நின்ற அவர் தெருக்காரப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டார். “குடிய விடறதுக்கு மாத்திரையா? மனசுல உறுதி இருக்கணும்ப்பா. ஆம்பளைக்கு அதுகூட இல்லன்னா எப்படி?” கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

பெரியவர் வாங்க வந்தது சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை. “ஐயா, சர்க்கரையை மட்டும் மன உறுதியால் குறைக்க முடியாதா?” என்று கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. “அது வியாதிம்மா. இது திமிரு.”

கடையின் கௌரவம்

அடுத்த முறை தனசேகர் வந்தபோது மாத்திரை தீர்ந்திருந்தது. பாவம், குரோம்பேட்டை வரை போய் வாங்கினார். இனி எப்போதும் இருக்கும்படி ஆர்டர் போடலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இத்தனைக்கும், குடித்துவிட்டு மறுநாள் தலைவலியோடு வருகிறவர்களுக்கான மாத்திரை கடையின் முன்வரிசையில், கை எட்டுகிற இடத்தில், வருடம் முழுக்க இருக்கிறது. “நாலு குடும்பம் வந்துபோற கடைம்மா இது. குடிகாரனுங்க மாத்திரை வாங்குற கடைன்னு பேர் வந்தா நல்லாவா இருக்கும்?”

தமாசு

ஒரு நாள் மத்தியானம் இளைஞன் ஒருவன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தான். “அக்கா, வாந்தி நிக்கறதுக்கு எதுனா குடுங்க, சீக்கிரம். தனசேகர் அண்ணனுக்கு மூஞ்சியெல்லாம் செவந்து, மூச்சு வாங்கிகினு கீது.” பக்கத்துத் தெரு மண்டபத்தில் காதுகுத்து விருந்து. அண்ணன் கூல்டிரிங்க்ஸ்தான் கேட்டாராம். இவனும் கூட்டாளிகளும் அதில் பிராந்தியைக் கலந்து கொடுத்திருக்கிறார்கள்.

“மாத்திரை எதுவும் கிடையாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்று அவர் சாப்பிடுகிற மாத்திரையின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்து, ஆம்புலன்ஸுக்கு நானே போன் செய்தேன். நானும் மண்டபத்துக்கு ஓடி, அவரைத் தூக்கிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். முகம் செங்கல் நிறத்தில் இருந்தது, கண் திறக்கவில்லை. அப்போது அந்த இளைஞன் என் பக்கத்தில் வந்து சொன்னான்: “சும்மா தமாசுக்குத்தான்க்கா ஊத்துனோம். அண்ணன் நெஜமாவே மாத்திரை போடும்னு யாருக்குத் தெரியும்?”

வேறு மாத்திரை

தனசேகர் பிழைத்துக்கொண்டார். மறுபடி குடிக்கப் போயிருப்பார் என்றுதான் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவரோ உடம்பு தேறியதும் மனைவியோடு கடைக்கு வந்தார், கையில் புதுச் சீட்டோடு. குடிக்கவேண்டும் என்ற ஏக்கத்தைக் குறைக்கிற வேறு மாத்திரையை டாக்டர் எழுதியிருந்தார். இந்த முறை சீட்டை மடிக்காமலே நீட்டினார்.

“அந்தப் பசங்களை ஒண்ணும் கேட்கலையா?” என்றேன். எனக்குத்தான் ஆத்திரம் ஆறவில்லை. மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். தனசேகர் மீதிச் சில்லறையைப் பையில் போட்டபடி சொன்னார்: “நான் குடிச்சிகினு இருந்தப்போ அவனுங்களுக்கு நான் நல்லவன்க்கா. இப்ப இன்னாடான்னா, நான் ஏதோ துரோகம் பண்ண மாதிரி பாக்குறானுங்க.”

குடிப்பதற்கு இந்த ஊரில் யாரும் யாரிடமும் சீட்டு கேட்பதில்லை; நிறுத்துவதற்குத்தான் டாக்டர் சீட்டு, தெருவின் அனுமதி, ஆம்பளை என்பதற்கு அத்தாட்சி எல்லாம் கேட்கிறார்கள்.